2 என்றால் இல்லை

ஜூலை 7, 2025, திங்கள்

குற்ற சர்வேக்கான பயிற்சி முடிந்தது. நாள் முழுக்க ஏ.சி.யில் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஆறிப்போன சாம்பார் சாதம். தொட்டுக்க ஒரு அப்பளம்கூட இல்லை.

டேப் கொடுத்துவிட்டார்கள். திரை மூலையில் கீறல். அதை நோட்டில் எழுதவைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். விட்டால் நம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

1 ஆமாம். 2 இல்லை. 8 தெரியாது. 9 சொல்ல விருப்பமில்லை.

சென்னையிலிருந்து வந்த சார் நன்றாகப் பேசுகிறார். போலீஸ் கணக்கில் ஒரு எஃப்.ஐ.ஆருக்கு ஒரு குற்றம்தானாம், இருப்பதில் பெரியது எதுவோ அது. வீடு புகுந்து திருடி ஆளையும் கொன்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புத்தகத்தில் கொலை மட்டும் ஏறும். ஸ்டேஷன் படியே ஏறாதது எதிலும் ஏறாது. அதைப் பிடிக்கத்தான் வீடு வீடாகப் போவது. இந்த மாதிரி சர்வேயை அமெரிக்காவில் 1972-லிருந்து, இங்கிலாந்தில் 1982-லிருந்து நடத்துகிறார்கள். நம் பக்கம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி சொக்கலிங்கம் தென்னிந்திய நகரங்கள் நான்கை வைத்து 2003-ல் எழுதியிருக்கிறார். 2017-ல் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னைக்கு ஒரு பெரிய அறிக்கை வந்திருக்கிறது.

"குற்றம் நடந்துச்சான்னு மொட்டையாக் கேக்காதீங்க. பர்ஸ் போச்சா, வண்டி போச்சா, யாராச்சும் கை வச்சாங்களான்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க." எல்லாவற்றுக்கும் முதலில் ஆமாம், இல்லை வாங்கிவிட வேண்டும். விவரம் பிறகு. முதல் ஆமாமுக்கே இருபது கேள்வி நீண்டால் அடுத்த எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிடுவார்களாம். எல்லாரும் சிரித்தோம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஜூலை 8, செவ்வாய்

புதூர். வெயில். வாசலில் நின்றதுமே, "ஆயிரம் ரூபாய்க்கா?"

பெண்களுக்கான மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் மனு வாங்கும் அரசின் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமுக்கு வீடு வீடாக விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பையையும் அடையாள அட்டையையும் பார்த்தால் எல்லாருக்கும் அதே நினைப்பு. ஒரு அம்மா ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸெல்லாம் எடுத்துப் பின் அடித்து வைத்திருந்தார். "இல்லம்மா, இது வேற" என்றதும் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் எதைக் கேட்டாலும் 2. நான் கேட்டு முடிக்கும் முன்பே 2.

வீட்டில் யாரைக் கேட்பது என்பதற்கும் ஒரு முறை. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவரை. பிறந்தநாள் தெரிந்த வீட்டில் நல்ல முறைதான். பெரியவர்கள் ஆதாரைப் பார்த்தால் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாகக் கொட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதி.

பாத்ரூம் யாரிடமும் கேட்க முடியவில்லை. அதனால் தண்ணீர் குடிக்கவில்லை. சாயந்திரம் தலை வெடித்தது.

ஜூலை 10, வியாழன்

மாமா வந்திருந்தார். பேரனுக்குக் காதுகுத்து. ஆடிப் பதினெட்டு அன்று, அழகர்கோயில் கருப்பு சன்னதியில். பத்திரிகை, வெற்றிலை பாக்கு, அரை கிலோ மைசூர்பாகு. அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெள்ளி டம்ளரைத் தேடி எடுத்துக் காபி கொடுத்தாள்.

எனக்கு அடுப்படியை விட்டு வெளியே வரப் பிடிக்கவில்லை. வந்தேன். "வாங்க மாமா." சிரித்தேன். மைசூர்பாகும் தின்றேன்.

ஏழு பவுன்.

குதிகால் குத்துகிறது. உப்பு வெந்நீர்.

ஜூலை 12, சனி

இன்றைக்கு ஒரு அக்கா. எழுதிவைக்க வேண்டும்.

விடியக்காலம் கோலம் போட்டுக்கொண்டிருந்தாராம். "வண்டி சத்தம் கேட்டுச்சு. பால்காரர்னு நெனச்சு நிமிரக்கூட இல்ல." கழுத்தைத் திருப்பிக் காட்டினார். இடது காதுக்குக் கீழே நூல் பிடித்தாற்போல் வெள்ளைத் தழும்பு. தாலிச் செயின், அஞ்சு பவுன். இழுத்த இழுப்பில் ஒரு துண்டு அறுந்து சேலை மடிப்பில் விழுந்திருக்கிறது. அதை இன்னும் அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். கொக்கியும் நாலு கண்ணியும். கடுகு ஒன்று ஒட்டியிருந்தது.

"எப்பக்கா நடந்துச்சு?"

"போன வருசந்தான். நேத்து மாதிரி இருக்கு."

போன வருஷம் என்றால் டேப்புக்குப் போதாது. மாதம் வேண்டும். கடந்த 12 மாதம்தான் கணக்கு, ஜூலை 2024-க்கு முன்னால் என்றால் வாங்காது. தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா, பொங்கல் சமயமா, அழகர் ஆற்றில் இறங்கியபோது கழுத்தில் செயின் இருந்ததா? எதிலும் நிற்கவில்லை. கடைசியில் தன் அக்கா மகள் சடங்குக்கு வெறும் மஞ்சக்கயிற்றோடு போனதும் அங்கே எல்லாரும் கழுத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. மொய் நோட்டை எடுத்தார். நம் ஜனத்துக்கு மொய் மட்டும் தப்பாது. ஆவணி, 2023.

வெளியே போய்விட்டது. 2.

என் முகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். "அப்ப எனக்கு நடக்கலையாம்மா?"

நடந்ததுக்கா, ஆனால் என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். பயிற்சியில் சொன்னதுதான்: வலி பெரியதாக இருந்தால் நாள் கிட்டே வந்து நிற்கும். அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீட்டுக்குத் திரும்பப் போகிறார்கள், போன தடவை சொன்னது எது, புதிது எது என்று பிரிக்க. நமக்கு ஒரே தடவைதான். அக்காவுக்கு அதையெல்லாம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அதே தெருவில் அடுத்த வீட்டில் தலைகீழ். பங்குனியில் சைக்கிள் போனதை அந்த ஆள் சுத்தமாக மறந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை. பையன் உள்ளேயிருந்து கத்தினான்: "யப்பா, என் சைக்கிள்?"

ஜூலை 14, திங்கள்

திருப்பரங்குன்றத்தில் கும்பாபிஷேகம். தெருவே பூட்டு. மூன்று தடவை வந்து பார்த்த பிறகுதான் வேறு வீட்டுக்கு மாற வேண்டும் என்பது விதி. திரும்ப வர வேண்டும், பஸ் காசு என்னுடையது.

கூட சர்வே எடுக்கிற கே. ஒன்று சொன்னாள். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுதான் திருடனுக்கும் வேண்டிய வீடு, நமக்கோ அது "ஆள் இல்லை". ராத்திரி ஷிப்டுக்குப் போகிற ஆண்கள், விடிகாலையில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண்கள், தனியாக அறை எடுத்து இருக்கிற பையன்கள். யாருக்கு அதிகம் நடக்குமோ அவர்கள் நம்மிடம் அகப்படமாட்டார்கள். அகப்படுவதெல்லாம் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். அவள் தேசிய குடும்பநல ஆய்வில் வேலை பார்த்தவள், விவரமாகப் பேசுவாள். சில நாள் அந்த விவரமே எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பாலிடெக்னிக் பையன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, மே 12, கூட்டத்தில் போன் போயிருக்கிறது. சட்டைப் பையிலிருந்து யாரோ உருவியதை உணர்ந்திருக்கிறான், திரும்பினால் தலைக்கடல். ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறான். "திருட்டுன்னு எழுதாதடா, காணோம்னு எழுது, சீக்கிரம் முடியும்" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. சிம் வாங்க அந்த ரசீது போதும், அவனுக்குத் திருப்தி.

இப்போது நான் "கடந்த 12 மாதத்தில் உங்களிடமிருந்து ஏதாவது திருடப்பட்டதா" என்று கேட்கிறேன். "இல்லக்கா. போன் தொலைஞ்சுச்சு, அவ்வளவுதான்."

"உருவினாங்கன்னு சொன்னீங்களே தம்பி."

யோசித்தான். "ஆமா. ஆனா எழுதிக் குடுத்தது தொலைஞ்சதுன்னுதான். எதாச்சும் பிரச்சினை ஆகுமா?"

திரும்பக் கேட்டு, அவன் வாயால் சொல்லவைத்து 1 போட்டேன். இப்படி எடுத்துக் கொடுத்துக் கேட்கலாமா கூடாதா, தெரியவில்லை. சார் கூடாது என்பார். எனக்கு இன்று முழுக்க நல்ல மனநிலை. ஜிகர்தண்டா சாப்பிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காலையில் முக்குக் கோயிலில் கூழ், வெங்காயம், கருவாடு. அந்தத் தெம்பில் அபார்ட்மெண்ட்.

செக்யூரிட்டி அண்ணன் பாவம், நாற்காலி கொடுத்தார். நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து. சங்கச் செயலாளர் இறங்கி வந்தார், அரைக்கால் சட்டை, கையில் போன். கேள்வித்தாளைக் காட்டு என்றார். காட்டினேன். அங்கேயே நின்று சத்தமாக வாசித்தார். வீட்டில் எத்தனை பேர், பகலில் யாராவது இருப்பீர்களா, நாய் உண்டா, கேமரா உண்டா, கதவுக்கு எத்தனை பூட்டு.

"இம்புட்டையும் கேட்டுட்டு நாளைக்கு ஆள் அனுப்புவீங்களோ?"

செக்யூரிட்டி சிரித்துவிட்டார். எனக்குக் காது சூடேறியது. கடிதத்தைக் காட்டினேன், முத்திரையைக் காட்டினேன், போன் நம்பரைக் காட்டினேன். முத்திரை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். திருடன் உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இதே கேள்விகளைத்தான் எழுதியிருப்பான். அந்த மனுஷன் சொன்னது சரிதான். ஆனால் அந்தத் தொனி!

ஜூலை 19, சனி

என் போட்டோ வாட்ஸாப்பில் சுற்றுகிறது. கேட் பக்கம் நிற்கிறேன், பை தோளில். "உஷார். சர்வே என்று வரும் பெண். கதவைத் திறக்காதீர்கள்." என் சின்ன மகளின் டியூஷன் தோழி காட்டியிருக்கிறாள். "அம்மா, அந்த நீலச் சுடிதார்ல நீ குண்டாத் தெரியிற" என்கிறாள் இவள்.

சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ராத்திரி ரெண்டு மணி வரை தூங்கவில்லை.

இப்படிப் போட்டோ எடுத்துப் பரப்புவதைச் சேர்க்க டேப்பில் கட்டம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

ஜூலை 21, திங்கள்

முப்பது வயதிருக்கும். கேள்விக்கு முன்பே பதில் சொல்கிறவள், கெட்டிக்காரி. பிக்பாக்கெட், வண்டி, வீடு, எல்லாம் சரசரவென்று போனது. அடுத்தது வீட்டுக்குள் நடப்பவை. அதற்குத் தனிமை வேண்டும். மாமியார் கட்டிலில். எழுந்து போகிற மாதிரி இல்லை. முருங்கைக்கீரை ஆய்கிறார். அதில் எவ்வளவு நேரம் ஆய இருக்கிறது!

கே. சொல்லிக்கொடுத்த வித்தை: ஆள் வந்துவிட்டால் உடனே ரேஷன் அரிசிக்குத் தாவிவிட வேண்டும். குடும்பநல ஆய்வில் அப்படித்தான், ஒரு வீட்டில் ஒரே பெண்ணிடம்தான் அந்தப் பகுதியைக் கேட்பார்கள், தனிமை இல்லையென்றால் கேட்கவே மாட்டார்கள். நானும் அரிசிக்குத் தாவினேன். புழுங்கலா பச்சையா, தரம் எப்படி? மாமியார் பத்து நிமிஷம் அரிசியைத் திட்டினார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக அரிசி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

"தனிமை கிடைக்கவில்லை" என்ற பட்டனைத் தட்டிவிட்டு வந்தேன். வாசல் வரை வந்தாள். செருப்பை மாட்டும்போது, "மறுபடி எப்பக்கா வருவீங்க?"

வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது. பார்க்கலாம்மா என்றேன். பயிற்சியில் கொடுத்த உதவி எண் சீட்டு, 181, கையில் கொடுத்தேன். வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அது பதிலா இல்லையா?

அடி வாங்கிய பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர் என்று கே. சொல்கிறாள், 2019-21 கணக்கு. அந்த நூறும் ஆய்வுக்காரியிடம் வாய் திறந்த நூறு.

ஜூலை 23, புதன்

பவுன் 75,000 தாண்டியாச்சு என்று டிவியில். அம்மா "அடேயப்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். அஞ்சேகால் லட்சம்.

சாப்பிட்ட பிறகு, சும்மா பழக்கத்துக்கு என்று சொல்லி டேப்பை எடுத்து அம்மாவைக் கேட்டேன். ஒவ்வொன்றாக. எல்லாம் இல்லை. பன்னிரண்டு மாதம் வேண்டாம், ஆயுசு முழுக்க எடுத்துக்கோ என்றேன். யோசித்தாள். பழைய வீட்டில் இருக்கும்போது வெண்கலக் குத்துவிளக்கு ஒன்று போனது. 1 போடு என்றாள். அப்போது எனக்கு நாலு வயசாம்.

"ஆரம்?"

"எந்த ஆரம்?"

"ஏழு பவுன் ஆரம்மா."

"அது களவா? தம்பி அடகுக்கு வாங்கிட்டுப் போனான். திருப்ப முடியல. அவன் நெலம அப்படி. வெளியாளா எடுத்தான்?"

பயிற்சியில் சொன்ன அமெரிக்க சான் ஹோசே கதை நினைவுக்கு வந்தது. 1970-களின் தொடக்கம். போலீஸில் புகார் பதிவான ஆட்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வெளிக்காட்டாமல் அவர்கள் வீட்டுக்கே போய் உங்களுக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். அடித்தவன் முன்பின் தெரியாதவன் என்றால் நூற்றுக்கு 75 பேர் சொன்னார்கள். சொந்தக்காரன் என்றால் 22 பேர். புகார் பதிவானவர்களிலேயே 22.

அம்மா புகாரே கொடுக்கவில்லை. டேப்பை மூடினேன். சத்தமாக வைத்துவிட்டேன் போல. "அதுக்கு ஏன் டேப்பை உடைக்கிற?"

ஜூலை 25, வெள்ளி

ஓய்வுபெற்ற அதிகாரி. சுத்தமான வீடு, செம்பருத்தி, எல்லாம் முறையாக. அவர் மனைவி மோர் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் தெளிவாக 2. இணைய மோசடி? 2. நன்றி சொல்லி டேப்பை அணைத்தேன்.

கேட் வரை வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மும்பை போலீஸ் என்று வீடியோ கால். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று மிரட்டல். இரண்டு நாள் மாடி அறையில், கேமரா முன்னால், அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். டிஜிட்டல் அரெஸ்டாம். கீழே மனைவிக்குத் தெரியாது, ஆபீஸ் பழைய கணக்கு பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பி.எஃப். பணம் முழுக்கப் போய்விட்டது.

"சைபர் கிரைம் நம்பர் 1930-க்குக் கூப்பிட்டீங்களா சார்?"

"கூப்பிட்டு என் பேரைச் சொல்லணுமேம்மா."

நாற்பது வருஷம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்த மனுஷன். மகனிடமும் சொல்லவில்லை. "நீ அதுல எழுதாத" என்றார். எழுதவில்லை. அவர் பதில் முறைப்படி முடிந்த பதில். 2.

டேப் மூடிய பிறகுதான் எல்லாரும் பேசுகிறார்கள். வாசலில், செருப்பு மாட்டும்போது. வேண்டுமென்றே மெதுவாக மாட்ட ஆரம்பித்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். கை நிறைய வளையல், கோயிலில் கொடுத்தது. டேப்பில் தட்டும்போதெல்லாம் சலசலவென்று சத்தம்.

இட்லிக் கடை அக்கா. வீடு பின்னால், கடை முன்னால், கரண்டியைக் கீழே வைக்காமலே பதில். ஏரியாப் பையன்கள் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போவது. கேட்டால் மாவுச் சட்டியைக் கவிழ்ப்பது.

"எத்தனை தடவைக்கா, இந்த 12 மாசத்துல?"

"அது என்ன கணக்கு? இன்னைக்குக் காலைலயும்தான்."

தோராயமாக என்றேன். "வாரத்துக்கு மூணு நாள்னு வை. நீயே பெருக்கிக்க." பெருக்கினேன். டேப் ஐந்துக்கு மேல் வாங்கவில்லை. சிவப்பு எழுத்தில் "சரிபார்க்கவும்". சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். ஐந்து போட்டுவிடு, எல்லா ஊரிலும் அப்படித்தான் என்றார். இங்கிலாந்தில் ரொம்ப வருஷம் அப்படித்தான் வைத்திருந்தார்கள், ஒரே ஆள் நூறு என்று சொன்னால் மொத்தக் கணக்கும் ஆடிப்போகிறது என்று. எதிர்ப்பு வந்து பிறகு மாற்றினார்கள் என்றும் பயிற்சியில் கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை.

5.

நாலு இட்லி வைத்துக் காசு வாங்க மாட்டேன் என்றார் அக்கா. கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு ஓடிவந்தேன். இன்றைக்கு அவர் கணக்கில் நானும் சேர வேண்டாம்.

ஜூலை 30, புதன்

மடப்புரம் கோயில் காவலாளி விஷயம் வந்ததிலிருந்து போலீஸ் பற்றிய பகுதியில் யாரும் வாய் திறப்பதில்லை. காரில் வைத்த நகை காணோம் என்று ஒரு புகார். விசாரிக்க என்று பிடித்துப்போன பையன் ஜூன் 28-ம் தேதி செத்துப்போனான். வழக்கு சிபிஐக்குப் போயாச்சு. "பொருள் போனா போகட்டும்த்தா. புகார் குடுத்து இன்னொரு வீட்டுப் புள்ள சாகணுமா?" என்று போன வாரம் ஒரு அப்பத்தா கேட்டார். அதைப் "புகார் கொடுக்காத காரணம்" பட்டியலில் எதில் போடுவது? பொருளின் மதிப்பு குறைவு, போலீஸால் பயனில்லை, அலைச்சல், பழிவாங்குவார்கள் என்ற பயம், பிற. பிற.

இன்று ஒரு பையன், இருபது இருபத்திரண்டு. வண்டி செக்கிங்கில் எதிர்த்துப் பேசியதற்கு அறை வாங்கியிருக்கிறான். காது இன்னும் இரைச்சலாம். "நீங்க போலீஸ்ல இருந்து வர்றீங்களா?" இரண்டு தடவை கேட்டான். இல்லை என்றேன்.

"அப்ப போலீஸ் அடிச்சா எதுலக்கா போடுவீங்க?"

தாக்கியவர் யார்: கணவன் அல்லது மனைவி, உறவினர், தெரிந்தவர், அன்னியர், பிற. லஞ்சம் கேட்டார்களா என்று ஒரு கேள்வி உண்டு. அடித்தார்களா என்று கிடையாது. பிற என்றேன். எழுதும்போது அவனே தடுத்தான். "வேணாம்க்கா. என் பேர் அதுல இருக்குல்ல."

பெயர் தனியே பிரிந்துவிடும் என்று ஒப்புதல் வாசகத்தை மறுபடி வாசித்தேன். தலையாட்டிக் கேட்டான். 9 போடச் சொன்னான். படித்த பையன், 9 என்றால் என்னவென்று திரையைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

குதிகால் வலி முழங்கால் வரை ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பேக் செக். ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணித் திரும்பக் கேட்கிறாள். நான் நிரப்பிய ஷெட்யூல்களில் "ஆமாம்" அதிகமாம். நான் எடுத்துக் கொடுத்துக் கேட்கிறேனாம். கே.யுடையதில் "இல்லை" அதிகமாம். அவள் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்புகிறாளாம். ஆக இரண்டு பேருமே திருடிகள்.

கே. கத்தினாள். ஒரு ஷெட்யூலுக்கு ஒரே கூலி, 2 போட்டால் இருபது நிமிஷம், 1 போட்டால் ஒன்றேகால் மணி நேரம், இப்படி வைத்துவிட்டு எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா என்றாள். சரியான கேள்வி. ஆனால் அவள் மரத்தடியில் உட்கார மாட்டாள் என்று அடித்துச் சொல்ல என்னாலும் முடியவில்லை. இந்த வெயிலில் யார் உட்கார மாட்டார்கள்?

நேற்று இரவு அந்தச் செயின் அக்காவை நினைத்தேன். மொய் நோட்டை நான் எடுக்கச் சொல்லாமல் இருந்திருந்தால் 1 விழுந்திருக்கும். பொய்யான 1.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காதுகுத்து. வேன் ஏறியதிலிருந்து அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். கருப்பு சன்னதியில் கூட்டம் நெரிந்தது. கிடாக் கறி நல்ல பதம், குழம்பில் காரம் கொஞ்சம் கூடுதல். பிள்ளை ஊசி குத்தும்போது அழவில்லை, மொட்டை போடும்போதுதான் அழுதது.

மொய் எழுதுகிற இடத்தில் அம்மா ஐயாயிரத்து ஒன்று எழுதச் சொன்னாள். நான் இரண்டாயிரம் என்றுதான் பேசிவைத்திருந்தேன். எழுதுகிறவர் சத்தமாக வாசித்தார். ஊர், பெயர், தொகை, தேதி. மாமா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தை கழுத்தில் ஒரு ஆரம். அதுவா என்று பார்த்தேன். அது இல்லை. அதுவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம்.

"உனக்கு ஒண்ணுமே தோணலையாம்மா?" என்று வேனில் கேட்டேன்.

"தோணும்டி. தோணி என்ன பண்ண. எனக்குன்னு வர அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. நெஞ்செரிச்சல் மட்டும். காரம்.

ஆகஸ்ட் 6, புதன்

முடிந்தது. கடைசிக் கூட்டம், மசால்வடை, டீ. நம்ம ஏரியாவில் குற்ற ரேட் குறைவாக வருகிறது, அமைதியான ஏரியா என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார். கே. என் தொடையைக் கிள்ளினாள்.

களப்பணியாளர் கருத்து என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மூன்று வரிக்குத்தான் இடம். பின்பக்கத்தில் எழுதினேன்.

பன்னிரண்டு மாதம் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை, ஆறு மாதமாக்கி, அதே வீட்டுக்கு மறுபடி அனுப்புங்கள். போலீஸ் அடித்தால் போடுவதற்கு ஒரு நம்பர் வையுங்கள். ஐந்து என்ற வரம்பை எடுங்கள். சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத நகை, பணம் பற்றித் தனியாக, வேறு மாதிரிக் கேளுங்கள், திருட்டோடு சேர்த்துக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். பெண்களிடம் கேட்பதற்கு ஹெட்போன் கொடுங்கள், கேள்வி அவள் காதில் மட்டும் விழட்டும், பதிலை அவளே தட்டட்டும். 1-க்கும் 2-க்கும் ஒரே கூலி வேண்டாம். கூட வரும் பெண்களுக்குப் பாத்ரூமுக்கு ஒரு வழி பண்ணுங்கள். ஜூலை மாதப் பயணப்படி இன்னும் வரவில்லை.

கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கொடுத்துவிட்டு, போட்டோவும் எடுத்துவைத்திருக்கிறேன்.